மலைக்காட்டு ஏரிக்கரையில் முதல் முகாம்: படிப்படியாக

மலைக்காட்டுக்குள் ஏரிக்கரையில் டென்ட் அடித்துத் தங்கும் இடங்களில் பெரும்பாலும் கொஞ்சம் சமதரையும் கல் அடுக்கிய ஒரு நெருப்புக் குழியும்தான் இருக்கும். குழாய், கழிப்பறை, மின்சாரம், போன் சிக்னல் எதுவும் இருக்காது. முதல்முறை போகிறவர்களுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: ஏரியைப் பார்த்தபடி உட்காருங்கள், ஏரியை ஒட்டிப் படுக்காதீர்கள். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

1. கிளம்புவதற்கு முன்

அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: தங்க அனுமதி வேண்டுமா, இப்போது நெருப்பு மூட்டலாமா, எந்த விலங்குகள் வரும். எந்தப் பாதையில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் உதவி கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிடுங்கள். இணையம் இல்லாமல் திறக்கும்படி வரைபடத்தைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள், அப்புறம் காகிதத்தில் ஒரு பிரதியும் வேண்டும்.

2. டென்ட் போடும் இடம்

மலைகளுக்கு நடுவே சூரியன் சீக்கிரமே முகட்டுக்குப் பின்னால் போய்விடும். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள்.

குறித்துவைத்த இடம் இருந்தால் அதிலேயே போடுங்கள். இல்லையென்றால் தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர், அதாவது சுமார் 80 எட்டு தள்ளிப் போங்கள். இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கி, ஏரி இருக்கும் பள்ளத்தில் வந்து தேங்கும். ஈரமும் அங்கேதான் அதிகம். விலங்குகள் தண்ணீர் குடிக்க வரும் வழியும் அதுதான். ஒருமுறை கரையிலிருந்து பத்தடி தள்ளி டென்ட் அடித்தேன். மழையே பெய்யவில்லை, ஆனால் விடியும்போது துணியின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாய் நீர். ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் அதில் உரசி உரசி நனைந்துவிட்டது. உலர்த்தி முடிக்க மதியம் ஆனது.

இடத்தைத் தேர்ந்ததும் அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன மரமோ தொங்கும் காய்ந்த கிளையோ தலைக்கு மேல் இருக்கக் கூடாது. பிறகு கீழே பாருங்கள். மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் குழியில் போடாதீர்கள். டென்ட்டை விரிப்பதற்கு முன் வெறும் தரையில் ஒரு நிமிடம் படுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கல்லும் சாய்வும் முதுகுக்குத் தெரியும்.

3. குடிநீர்

பளிங்கு போலத் தெரியும் ஏரி நீரிலும் ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற நுண்ணுயிரிகள் இருக்கலாம். கொதிக்க வைப்பதுதான் நம்பகமான வழி. தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள். உயரத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால் 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் தேவை. குளோரின் மாத்திரையை மட்டும் நம்பாதீர்கள், கிரிப்டோஸ்போரிடியம் அதற்கு எளிதில் சாகாது.

கையடக்க ஃபில்டர் எடுத்துப் போனால் உறைபனி இரவுகளில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள். ஈரத்தோடு உறைந்தால் உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பச்சை பெயின்ட் கொட்டியது போல ஆடை படர்ந்த நீரை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தப் பாசியின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

4. குளிர்

ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். புதிதாக வருகிறவர்கள் மேலே போர்த்துவதை யோசிப்பார்கள், கீழே விரிப்பதை மறந்துவிடுவார்கள். உடம்புச் சூட்டைத் தரைதான் உறிஞ்சும், அதனால் நல்ல மேட் கட்டாயம். நனைந்த பருத்தித் துணி சீக்கிரம் காயாது. கம்பளியோ செயற்கை இழைத் துணியோ போடுங்கள். தூங்குவதற்கென்று ஒரு காய்ந்த உடுப்பைத் தனியாக வையுங்கள். குளிர் எவ்வளவு இருந்தாலும் டென்ட்டுக்குள் அடுப்போ கரியோ பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

5. உணவும் கழிவும்

சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு என மணக்கும் எதுவும் டென்ட்டுக்குள் வேண்டாம். பையில் கட்டி, தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளித் தொங்கவிடுங்கள். கரடி நடமாடும் காடு என்றால் அதற்கென்றே உள்ள கெட்டியான டப்பா இன்னும் நல்லது.

மலம் கழிக்க ஏரி, ஓடை, நடைபாதை, டென்ட் எல்லாவற்றிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூடுங்கள். பாத்திரத்தையும் ஏரியில் கழுவாதீர்கள். தண்ணீரை முகந்து தள்ளிக் கொண்டுபோய்க் கழுவுங்கள். மக்கும் சோப்பாக இருந்தாலும் இதே விதிதான், அது மண்ணில்தான் மக்கும்.

6. நெருப்பு

அனுமதி இருந்தால் மட்டும், ஏற்கெனவே இருக்கும் குழியில் மட்டும். கீழே விழுந்து கிடக்கும் காய்ந்த விறகில் மணிக்கட்டு அளவுக்கு மேல் தடியானதை எடுக்காதீர்கள். அது சாம்பலாகி முடிய நேரம் ஆகும்.

அணைக்கும்போது மண்ணைப் போட்டு மூடிவிட்டு நடக்காதீர்கள், அடியில் கங்கு உயிரோடு இருக்கும். தண்ணீர் ஊற்றுங்கள், குச்சியால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். ‘உஸ்’ சத்தம் நின்றதும் புறங்கையைச் சாம்பலுக்கு மேலே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடே தெரியாவிட்டால் விரலால் தொடுங்கள். கொஞ்சம் வெதுவெதுப்பு இருந்தாலும் இன்னொரு பாத்திரம் தண்ணீர் கொண்டு வாருங்கள். சாம்பல் ஆறிய பிறகுதான் பையைத் தோளில் மாட்ட வேண்டும்.