தேசி (எலுமிச்சை) மரத்துக்கு மாசி மூடாக்கு

மாரி மழை ஓய்ந்ததும் தை கடைசியில் மண் இறுகத் தொடங்கும். அதற்கு முன் தேசிப் பாத்தியை இரண்டு அங்குலம் மட்டும் கொத்துங்கள். ஊட்டு வேர்கள் மேலாகவே ஓடுவதால் ஆழக் கொத்தினால் அறுந்து இலை கொட்டும். நன்றாக நனைத்தபின், வேலியில் வெட்டிய கிளுவை, பூவரசம் குழையை நான்கு அங்குலத் தடிப்பில் பரப்பி, மேலே காய்ந்த பனையோலை போடுங்கள். காய்ந்த மண்ணை மூடினால் பிறகு ஊற்றும் கொஞ்சத் தண்ணீர் குழையோடு நின்றுவிடும். தண்டிலிருந்து அரை அடி தள்ளியே போடுங்கள். ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும், கறையானும் ஏறும்.

எருக்கும்பியைக் கிளறும்போது பெருவிரல் தடிப்பில் வளைந்த வெள்ளைப் புழு கண்டால், பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழுதான். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள் (அதுக்குக் கொண்டாட்டம்). விட்டால், வண்டாகித் தென்னங்குருத்தைத் துளைக்கும்.