ஜீப்புக்குப் பிளாஸ்டிக் முன் கண்ணாடியா? திருகோணமலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வில்லிஸ், லாண்ட் ரோவர், மிட்சுபிஷி ஜீப்புகளை இன்னும் ஓடவிட்டுக்கொண்டிருப்பவர்கள் திருகோணமலையில் நிறையப் பேர். தம்பலகாமத்து வயலுக்கும் கந்தளாய்ப் பக்கத்துக் காட்டோரக் காணிக்கும் வேறு எதுவும் சரிவராது. இந்த வண்டிகளின் முன் கண்ணாடி உடைந்துவிட்டால் அளவான கண்ணாடி தேடி அலைய வேண்டும். அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "பிளாஸ்டிக் போடுங்கோ, உடையவே உடையாது."

இதற்குப் போடும் பொலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் லேசில் உடையாது என்பது உண்மைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் பிளாஸ்டிக் கண்ணாடியைக் கெடுப்பவை வெயில், மணல், உப்புக்காற்று, அப்புறம் அதைத் துடைக்கும் துணி. ஒரு வருடத்தில் அது மங்கிப்போனால், உடையாமல் இருந்து என்ன பயன்? பலத்தை மட்டும் பார்த்து வாங்குவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள். வண்டி வீதியில் ஓடுமா, காணிக்குள்ளேயே நிற்குமா? கொழும்புக்கும் வவுனியாவுக்கும் போய்வரும் ஜீப்புக்குக் கண்ணாடிதான் வேண்டும், அதுவும் லமினேட்டட் கண்ணாடி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை ஒட்டியிருப்பதால் கல் பட்டு வெடித்தாலும் சிதறாது, வைப்பர் ஆண்டுக்கணக்கில் ஓடினாலும் தாங்கும். வீதி வாகனத்துக்குப் பிளாஸ்டிக் போட்டால் வாகனப் பரிசோதனையிலும் காப்புறுதியிலும் கேள்வி வரலாம். போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காணி, காட்டுப்பாதை, கடற்கரை என்று மட்டும் ஓடும் வண்டிக்குத்தான் பிளாஸ்டிக் பொருந்தும்.

இந்த வேறுபாடு எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனக்குடாவிலிருந்து எழுந்த ஹரிக்கேன் விமானங்களில் விமானியின் தலைக்கு மேலிருந்த மூடி பேர்ஸ்பெக்ஸ் என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆனது. அவர் முகத்துக்கு நேர் முன்னே இருந்தது தடித்த கண்ணாடி. எந்த இடத்தில் எது தாங்கும் என்று பார்த்துப் போட்டிருந்தார்கள்.

சரி, பிளாஸ்டிக்தான் என்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தவறு கடையில் நடக்கிறது. பெயர்ப்பலகை செய்யும் இடத்தில் மிஞ்சிய ஷீட்டை வாங்கி வெட்டிப் போடுகிறார்கள். அது பெரும்பாலும் அக்ரிலிக். அக்ரிலிக் மோசமான பொருளல்ல. ஒளியை 92 வீதம் கடத்தும், வெயிலில் லேசில் மஞ்சளாகாது, கீறல் விழுந்தால் மெருகேற்றி எடுக்கலாம். ஆனால் பெரிய கல் பட்டால் கூரான துண்டுகளாக உடையும். அது முகத்துக்கு முன்னால் இருக்கக்கூடாது. பொலிகார்பனேட் அப்படி உடையாது, பள்ளம் விழும் அல்லது வளையும். ஒளி கடத்துவது 88 வீதமளவில், அது போதும்.

இரண்டையும் பிரித்தறிவது கஷ்டமில்லை. மெல்லிய துண்டொன்றைக் கையால் வளைத்துப் பாருங்கள்: அக்ரிலிக் விறைத்து நின்று படக்கென்று முறியும், பொலிகார்பனேட் வளைந்துகொடுக்கும். கண்ணைக் காத்துக்கொண்டு செய்யுங்கள். சந்தேகம் தீராவிட்டால் ஒரு சிறு துண்டை வெளியே கொண்டுபோய்ப் பற்றவைக்கலாம். அக்ரிலிக் நெருப்பை எடுத்த பிறகும் நின்று எரியும், பழம்போல ஒரு மணம் வரும். பொலிகார்பனேட் கறுப்புப் புகை விட்டுத் தானாக அணைந்துவிடும். கூரைக்குப் போடும் உள்ளே குழாய் குழாயாக இருக்கும் பொலிகார்பனேட் ஷீட்டைக் கொண்டுவந்து காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதனூடே பாதை தெரியாது.

இனிதான் முக்கியமான விஷயம். பொலிகார்பனேட் பலமானது, ஆனால் அதன் மேற்பரப்பு மென்மையானது. பலம் வேறு, கீறல் தாங்கும் கடினம் வேறு. சாதாரணக் கடல்மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம், கீறல் தாங்குவதை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் 7. சாதாரணக் கண்ணாடிக்கே 5.5 அளவுதான், பிளாஸ்டிக் அதற்கும் எவ்வளவோ கீழே. நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டைப் பக்கம் போனால் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் கலந்த கனிய மணல். சிர்கோனின் கடினம் 7.5. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதுவும் கிரவல் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து ஷீட்டில் படிந்திருக்கும்போது, சாரத் தலைப்பால் ஒரு தரம் துடைத்தால் போதும், கீறல் விழுந்துவிடும். நிழலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலையில் கடலை நோக்கி ஓட்டும்போது சூரியன் நேரே விழும், அப்போது ஷீட் முழுக்க வட்ட வட்டமாக நூல் இழைகள் தெரியும், பாதை தெரியாது. இரவில் எதிரே வரும் லைட்டும் அப்படித்தான் பரவும். யானை கடக்கும் பாதையில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆகவே வெறும் பொலிகார்பனேட் வாங்காதீர்கள். இரண்டு பக்கமும் கீறல் தாங்கும் கடினப் பூச்சுள்ள ஷீட் என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் சேமிக்க வேண்டிய இடம் இதுவல்ல. பூச்சில்லாத ஷீட்டில் வைப்பர் பூட்டவே கூடாது. பூச்சுள்ளதிலும் காய்ந்த புழுதியின் மேல் வைப்பரை ஓடவிடாதீர்கள், முதலில் தண்ணீர் அடியுங்கள்.

வெயிலும் அப்படித்தான். புறஊதாக் கதிர்த் தடுப்பு இல்லாத பொலிகார்பனேட் எங்கள் வெயிலில் மஞ்சளாகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். தடுப்புப் படை பல ஷீட்டுகளில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், எந்தப் பக்கம் என்பது மேலே ஒட்டியிருக்கும் படலத்தில் அச்சிட்டிருக்கும். வெட்டும் ஆள் படலத்தை முதலில் உரித்துவிட்டால் அடையாளம் போய்விடும், ஷீட் தலைகீழாகப் பூட்டப்படும். உரிப்பதற்கு முன் ஒரு மூலையில் பேனையால் குறித்து வையுங்கள்.

பூட்டும்போது நடக்கும் தவறுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல ஷீட்டும் இங்கேதான் வீணாகிறது. பிளாஸ்டிக் சூட்டில் நீளும். 1 மீட்டர் பொலிகார்பனேட் 35 பாகை சூடேறினால் ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் நீளும். அதே நீள இரும்புச் சட்டம் 0.4 மில்லிமீட்டர்தான். மத்தியானம் வெயிலில் நிற்கும் ஜீப்புக்கு இது தினசரி நடக்கும் கதை. ஓட்டையும் போல்ட்டும் ஒரே அளவாக இருந்தால் ஷீட்டுக்கு நகர இடமில்லை. கொஞ்ச நாளில் ஓட்டையைச் சுற்றி மெல்லிய வெள்ளிக் கோடுகள் தெரியும், சரித்துப் பிடித்தால்தான் கண்ணில் படும். அவை நீண்டு விளிம்பைத் தொட்டால் அந்த மூலை போயிற்று. ஓட்டையை போல்ட்டைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாகப் போடுங்கள், விளிம்புக்கு மிக அருகில் போடாதீர்கள். அகலமான வாசரும் ரப்பரும் வைத்து, ஷீட் அசையும் அளவுக்கே இறுக்குங்கள். நட்டு கழராமல் இருக்கப் பூசும் திரவம் பட்டால் பொலிகார்பனேட்டில் வெடிப்பு விழும். நைலோன் வளையம் உள்ள நட்டுப் போட்டால் அது தேவைப்படாது.

ரப்பரிலும் கவனம். ஷீட்டின் விளிம்பில் வைக்கும் மலிவான பிவிசி பீடிங்கிலிருந்து கசியும் மென்மையாக்கி நாளடைவில் ஷீட்டைத் தாக்கும். ஈபிடிஎம் ரப்பர் நல்லது. சிலிக்கன் பூசுவதானால் வினாகிரி மணம் வருவதைத் தவிர்த்து, நியூட்ரல் என்று எழுதியிருப்பதை எடுங்கள்.

தடிப்பு பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 3 மில்லிமீட்டர் ஷீட் காற்றில் அதிர்ந்து பார்வையைக் கலைக்கும். முன்பக்கத்துக்கு 5 அல்லது 6 எடுங்கள். நிறை கவலையில்லை, அதே அளவு கண்ணாடியில் பாதிதான்.

துடைப்பது எப்படி? கராஜில் பெற்றோல் நனைத்த துணியால் துடைத்துத் தருவார்கள், தின்னரும் எடுப்பார்கள். இரண்டையும் தடுத்துவிடுங்கள். அமோனியா கலந்த கண்ணாடி ஸ்பிரேயும் ஆகாது. டீட் கலந்த நுளம்பு விரட்டி பூசிய கையால் தொடுவதுகூடத் தடம் விடும். கிணற்றுத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிப் புழுதியையும் காய்ந்த உப்பையும் முதலில் கழுவிவிடுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்த தண்ணீர், மென்மையான பருத்தித் துணி, மறுபடி தண்ணீர். அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் பாதுகாப்புப் படலத்தை அன்றே உரித்துவிடுங்கள். கீறல் விழாமல் இருக்கட்டும் என்று பலர் விட்டுவைக்கிறார்கள். வெயிலில் சில வாரம் நின்றால் அதன் பசை ஷீட்டோடு இறுகிவிடும், பிறகு எடுக்கத் தின்னரைத் தேட வேண்டிவரும்.