லூ விட்டேக்கருக்காக வாதாடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தகுதி இருந்தும் மதிக்கப்படாத ஆட்டக்காரர் யார் என்று அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களிடம் கேட்டால், சீக்கிரமே வந்து விழும் பெயர்களில் ஒன்று லூ விட்டேக்கர். டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்காக 1977 முதல் 1995 வரை இரண்டாவது பேஸில் (ஓடுகிறவர் வரிசையாகத் தொட வேண்டிய நான்கு இடங்களில் இரண்டாவதன் அருகே) ஃபீல்டிங் செய்தவர். வேறு அணிக்குப் போனதே இல்லை. 1978-இல் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம், ஐந்து முறை ஆல்ஸ்டார் (சிறந்த வீரர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வு), மூன்று கோல்ட் குளோவ் (ஃபீல்டிங் விருது), 1984-இல் உலகத் தொடரை வென்ற அணியில் முக்கியப் புள்ளி. 2001-இல் பேஸ்பாலின் மகத்தான வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் தேர்தலுக்கு அவர் பெயர் முதன்முதலாக வந்தது. ஓட்டுரிமை உள்ள 515 பேஸ்பால் எழுத்தாளர்களில் 15 பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். 2.9 சதவீதம். ஐந்து சதவீதம் தேறாவிட்டால் மறுபடி அந்தச் சீட்டில் பெயர் வராது என்பது விதி. ஒரே வருடத்தில் முடிந்தது கதை.

சண்டை மட்டும் இன்னும் முடியவில்லை. ஒரு பக்கம் அவரை எக்காலத்துக்கும் பெரிய வீரர் என்கிறது, மறுபக்கம் நல்ல ஆட்டக்காரர், அவ்வளவுதான் என்கிறது. சண்டை போடும் விதத்தில்தான் இரண்டு பக்கமும் கோட்டை விடுகிறார்கள்.

பெரிய தவறு, பேட்டிங் சராசரியைப் பார்த்ததுமே முடிவு கட்டிவிடுவது. விட்டேக்கரின் சராசரி .276, பார்த்தால் சாதாரணம்தான். கிரிக்கெட் சராசரியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் எத்தனை ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை எட்டுவது) ஆயின என்பதை மட்டும் சொல்லும் கணக்கு. பேட்டருக்கு அடிக்கத்தக்க பரப்பான ஸ்ட்ரைக் ஸோனுக்கு வெளியே நான்கு பந்து போய், பேட்டரும் ஆசைப்பட்டுத் துரத்தாமல் விட்டால் ‘வாக்’. முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். அந்தப் பொறுமைக்குச் சராசரியில் ஒரு மதிப்பும் கிடையாது. விட்டேக்கர் 1,197 வாக் வாங்கினார், ஸ்ட்ரைக் அவுட் ஆனது 1,099 முறை. வாக்கையும் சேர்த்துப் பார்த்தால் அவர் பேஸை எட்டிய விகிதம் .363. கூடவே 2,369 ஹிட், 244 ஹோம் ரன்.

இந்தத் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டிம் ரெய்ன்ஸ், டோனி க்வின் இருவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். க்வின் சராசரி .338, ஹிட் 3,141. 2007-இல் முதல் முயற்சியிலேயே 97 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கி உள்ளே போனார். ரெய்ன்ஸ் சராசரி .294, ஹிட் 2,605. 2008-இல் 24.3 சதவீதத்தில் தொடங்கி, பத்தாவது வருடம், கடைசி வாய்ப்பில், 2017-இல்தான் தேர்வானார். ஹிட், வாக், பந்து மேலே பட்டுக் கிடைத்த பேஸ் மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: ரெய்ன்ஸ் 3,977, க்வின் 3,955. வாக்கைவிட ஹிட்டுக்கு மதிப்பு அதிகம், அதனால் ரெய்ன்ஸ்தான் பெரியவர் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒருவரைக் கைபிடித்து அழைத்துப்போய், இன்னொருவரைப் பத்து வருடம் வாசலில் நிறுத்தும் அளவுக்கா வித்தியாசம் இருந்தது? அதோடு, யாரும் அடிக்காமலே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பதைத் ‘திருடுவது’ என்பார்கள், ரெய்ன்ஸ் அப்படித் திருடிய 808 பேஸ் தனி.

எதிர்த்தரப்பு சராசரியில் சிக்கிக்கொள்கிறது என்றால், ஆதரவாளர்கள் தங்களுக்கு வசதியாக வேலி போடுகிறார்கள். விட்டேக்கர் ஓய்வு பெற்ற சமயத்தில் அவர்கள் பிடித்துக்கொண்ட ஒரு வாதம் உண்டு: 2,000 ஆட்டம், 2,000 ஹிட், 200 ஹோம் ரன் மூன்றும் உள்ள இரண்டாவது பேஸ்மேன்கள் ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி, ஜோ மோர்கன், அப்புறம் விட்டேக்கர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாஸ்டனின் பாபி டோர் 2,042 ஹிட், 223 ஹோம் ரன் அடித்தவர். ஆடியது 1,865 ஆட்டம் என்பதால் வேலிக்கு வெளியே நிற்கிறார். குறைந்த ஆட்டத்தில் அதே அளவை எட்டியவருக்கு இது தண்டனையா? பிறகு சாண்ட்பெர்க், பிஜியோ, கென்ட் என்று வரிசையாக வேலிக்குள் வந்துவிட்டார்கள். இப்படிப்பட்ட வாதத்தை விட்டுவிடுவதே நல்லது. ஹார்ன்ஸ்பி, மோர்கன் பக்கத்தில் நிறுத்தினால் விட்டேக்கர் சின்னவராகத்தான் தெரிவார்.

அடுத்து ‘வார்’. சுலபமாகக் கிடைக்கும் மாற்று ஆட்டக்காரரைவிட ஒருவர் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகச் சம்பாதித்துக் கொடுத்தார் என்று மதிப்பிடும் எண். பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவர இணையதளத்தின் கணக்கில் விட்டேக்கர் 75.1, ரைன் சாண்ட்பெர்க் 68, ராபர்ட்டோ அலோமார் 67, கிரெய்க் பிஜியோ 65.5. பின்னால் சொன்ன மூவரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். உடனே ஆதரவாளர்கள், அந்த மூவரையும்விட இவர்தான் மேல், ஆதாரம் இதோ என்று கிளம்பிவிடுகிறார்கள். அதே விட்டேக்கருக்கு இன்னொரு தளமான ஃபேன்கிராஃப்ஸ் கொடுப்பது ஏறக்குறைய 68. ஒரே ஆள், ஏழு வெற்றி வித்தியாசம். 1980-களில் ஃபீல்டிங்கை அளக்க இன்றைய கேமராக்கள் இல்லை, பழைய பதிவேடுகளை வைத்து ஊகித்ததுதான். அந்த எண்ணைத் தசமப் புள்ளி வரை நம்பிச் சண்டை போட்டால் எதிராளி இரண்டே கேள்வியில் மடக்கிவிடுவார். அந்த மூவரோடும் சமமாக நிற்கக்கூடியவர் என்று சொல்லுங்கள், அதை மறுப்பது கஷ்டம்.

பலவீனத்தை மறைப்பதும் வேண்டாம். சீசனின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி ஓட்டெடுப்பில் அவருடைய உச்சம் 1983-இல் எட்டாவது இடம். ஒரு சீசனில்கூட வார் 7-ஐத் தொட்டதில்லை. இடது கையால் பந்து வீசும் பிட்சர்களிடம் தடுமாறினார், பிற்காலத்தில் மேனேஜர் ஸ்பார்க்கி ஆண்டர்சன் அந்த மாதிரி நாள்களில் அவரை அடிக்கடி உட்கார வைத்தார். விட்டேக்கரின் பெருமை வருடா வருடம் குறையாமல் ஆடியதில் இருக்கிறது. 38 வயதில், கடைசி சீசனிலும் .293 அடித்துவிட்டுத்தான் போனார். அதைச் சொல்லாமல், எந்த வருடமும் லீகையே ஆட்டிவைக்காதவரை ஆட்டிவைத்தார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

சக டைகர்ஸ் வீரர் ஆலன் டிராமலை இழுப்பதையும் குறைத்துக்கொள்ளலாம். 1977 செப்டம்பர் 9 அன்று பாஸ்டனில் இருவரும் ஒரே ஆட்டத்தில் அறிமுகமானார்கள், 1,918 ஆட்டங்கள் சேர்ந்து ஆடினார்கள். இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் டிராமல் 2018-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போய்விட்டார். ஜோடியைப் பிரிக்கலாமா என்பது மனசைத் தொடும், தகுதியை நிரூபிக்காது. ‘ஹரால்ட் பெய்ன்ஸுக்கே ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுத்தார்களே’ என்பது அதைவிட மோசம். பெய்ன்ஸின் வார் 40-ஐக்கூட எட்டவில்லை. அவரை அளவுகோலாக வைத்தால் நூற்றுக்கணக்கானவர்கள் உள்ளே வரலாம், விட்டேக்கருக்கு அதில் என்ன பெருமை?

(1985 ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு மினியாப்பொலிஸ் போனபோது சீருடையை மறந்துவிட்டு, ரசிகர்களுக்கு விற்கும் சட்டையை வாங்கி, முதுகில் மார்க்கர் பேனாவால் 1 என்று எழுதிக்கொண்டு ஆடியவர் இவர். அந்தச் சட்டை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனுக்கு ஆள்தான் இன்னும் போகவில்லை.)

இன்னொன்று, இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. ஹால் ஆஃப் ஃபேமில் இருக்க வேண்டியவரா என்பது ஒன்று, எக்காலத்துக்கும் உச்சத்தில் நிற்பவரா என்பது வேறு. முதலாவதற்கு என் பதில் ஆம், தயக்கமே இல்லை. இரண்டாவதற்கு இல்லை. ஹார்ன்ஸ்பி, எடி காலின்ஸ், நேப் லஜாய், மோர்கன் வரிசை ஒன்று இருக்கிறது, அதற்கு அடுத்த வரிசைக்காரர் விட்டேக்கர். ரசிகர்கள் இரண்டாவதைக் கேட்டு, முதலாவதையும் கோட்டை விடுகிறார்கள்.

கடைசியாக, இன்றைய எழுத்தாளர்களைத் திட்டிப் பயனில்லை. அவர் பெயர் இனி அவர்களுடைய சீட்டில் வராது. மிச்சமிருக்கும் ஒரே வழி, பழைய வீரர்களை மறுபடி பரிசீலிக்கும் 16 பேர் கொண்ட ஹால் ஆஃப் ஃபேம் கமிட்டி, அதில் 12 ஓட்டு வேண்டும். 2019 டிசம்பரில் பட்டியலில் 10 பெயர்கள் இருந்தன, ஒரு உறுப்பினர் அதிகபட்சம் நான்கு பேருக்குத்தான் ஓட்டுப் போடலாம். டெட் சிம்மன்ஸ் 13, மார்வின் மில்லர் 12 வாங்கித் தேறினார்கள். விட்டேக்கருக்கு 6. 2022 டிசம்பரில் அதே மாதிரிக் கமிட்டி ஒன்றின் முன் வைக்கப்பட்ட எட்டுப் பேர் பட்டியலில் அவர் பெயரே இல்லை.