டயர் பாலிஷ் வாங்கும் முன் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

வாட்டர் வாஷ் முடிந்ததும் "அண்ணா, டயர் பாலிஷ் அடிச்சிடவா?" என்று கடைப் பையன் கேட்பான், நாமும் சரி என்று தலையாட்டுவோம், அவன் ஒரு ஸ்பான்ஜை ஏதோ ஒரு டப்பாவில் முக்கி நாலு டயரிலும் இழுத்துவிட்டுப் போவான். அந்த டப்பாவில் இருப்பது என்ன என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பல இடங்களில் அது நல்ல பாலிஷாகத்தான் இருக்கும், ஆனால் டீசலையோ, வண்டியிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயிலையோ தடவி அனுப்புகிற இடங்களும் உண்டு. அன்றைக்குப் பார்க்க இரண்டும் ஒரே கறுப்புதான். டீசல், மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில் எல்லாம் ரப்பருக்குள் ஊறி அதை உப்பவும் தளரவும் வைக்கிற சமாசாரங்கள். அதனால் பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நீங்களே ஒன்று வாங்கி வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கப் போனால் ஜெல், ஸ்பிரே, நுரை, கிரீம் என்று தலை சுற்றும் அளவுக்கு வகைகள். அந்த வடிவங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் பளபளப்பைக் கொடுப்பது சிலிகான் எண்ணெய்தான். அந்தச் சிலிகானை டயர் வரைக்கும் சுமந்துபோவது தண்ணீரா, பெட்ரோலியக் கரைப்பானா என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய ஒரே பெரிய விஷயம். சிலிகான் டயரைக் கெடுத்துவிடும் என்று பலர் சொல்வார்கள், ஆனால் சிலிகான் ரப்பரோடு அவ்வளவாக வம்புக்குப் போவதில்லை, உறுத்தலெல்லாம் அதோடு சேர்ந்து வருகிற கரைப்பானால்தான்.

ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. டயர் கம்பெனிக்காரர்கள் ரப்பரைக் கலக்கும்போதே மெழுகையும், ஓசோனிலிருந்து ரப்பரைக் காக்கும் சில ரசாயனங்களையும் உள்ளே சேர்த்துவிடுகிறார்கள். வண்டி ஓடும்போது டயர் நசுங்கி விரிய, அவை கொஞ்சம் கொஞ்சமாக மேற்பரப்புக்குக் கசிந்து வந்து ஒரு மெல்லிய படலமாக நிற்கும். நன்றாகக் கழுவிய டயர்கூடச் சில நாளில் பழுப்பேறுகிறதே, அது வெறும் அழுக்கு மட்டுமல்ல, இந்த ரசாயனம் காற்றோடு வினைபுரிந்து நிறம் மாறி நிற்பதும்தான். வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிற வண்டியின் டயர் சீக்கிரம் வெடிப்பு விடுவதற்கு, இந்தக் கசிவு நடக்காததும் ஒரு காரணம். பெட்ரோலியக் கரைப்பானை அடிக்கடி தடவினால் அந்தப் பாதுகாப்புப் படலத்தைத்தான் நாம் கரைத்துத் துடைக்கிறோம்.

சரி, கடையில் நின்றுகொண்டு எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீர் அடிப்படையிலான பாலிஷ் பெரும்பாலும் பால் வெள்ளையாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும். கரைப்பான் வகை எண்ணெய்போலத் தெளிவாக, வழுவழுவென்று இருக்கும், மூடியைத் திறந்தால் தின்னர் வாசனையோ மண்ணெண்ணெய் வாசனையோ மூக்கில் ஏறும். லேபிளில் தீச்சுடர் படமும் "எளிதில் தீப்பற்றக்கூடியது" என்ற எச்சரிக்கையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏரோசால் கேனில் மட்டும் இந்த அடையாளத்தை வைத்து முடிவுகட்ட முடியாது, ஏனென்றால் உள்ளே அழுத்தத்துக்கு அடைக்கிற வாயுவே தீப்பற்றக்கூடியதாக இருக்கலாம். வீட்டுக்கு வாங்கி வந்த பிறகும் சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுக் கலக்குங்கள். தண்ணீர் கலங்கி வெள்ளையாகப் பரவினால் தண்ணீர் வகை. மேலே எண்ணெய் வட்டமாகத் திரண்டு மிதந்தால் மற்றது.

தினமும் ஆபீஸ் போய்வரும் காருக்கு என்னைக் கேட்டால் தயங்காமல் தண்ணீர் வகைதான். அதிலும் மிதமான பளபளப்புத் தருகிற ஒன்று. ஈரம் சொட்டுகிற மாதிரி மின்னும் டயர் முதல் அரை மணி நேரம் அழகாக இருக்கும், அப்புறம் நம் சாலைப் புழுதி அந்த எண்ணெய்ப் பசையில் அப்பிக்கொண்டு சாயங்காலத்துக்குள் டயர் சாம்பல் நிறமாகிவிடும். காய்ந்ததும் விரலால் தொட்டால் ஒட்டாத பாலிஷ்தான் நம் ஊருக்கு நல்ல பாலிஷ். கார்புரோ பெர்ல் இந்த வகையில் நல்ல பெயர் வாங்கியது, டயருக்குச் சம அளவு தண்ணீர் சேர்த்தும், உள்புற பிளாஸ்டிக்குக்கு இன்னும் அதிகம் தண்ணீர் சேர்த்தும் பயன்படுத்தலாம் என்பதால் ஒரு பாட்டில் பல வேலைக்கு வரும். பளபளப்பே வேண்டாம், வெயிலிலிருந்து காப்பாற்றினால் போதும் என்றால் 303 என்ற பெயரில் வருகிற பாதுகாப்புத் திரவம் இருக்கிறது.

தண்ணீர் வகையின் குறை, மழையில் சீக்கிரம் போய்விடும் என்பது. ஐப்பசி, கார்த்திகையில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும்போது டயருக்குப் பாலிஷ் போடுவதையே நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்போதும் கறுப்பாகவே இருந்தாக வேண்டும் என்பவர்கள், மெக்வயர்ஸ் எண்டியூரன்ஸ் போன்ற கெட்டியான ஜெல்லை மெல்லிசாகத் தடவலாம், ஊதா நிறத்தில் இருக்கும், நாள்பட நிற்கும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக் காரை ஜோடிக்கிறீர்கள், ஒரு நாள் பளிச்சென்று இருந்தால் போதும் என்றால் பளபள ஜெல் போடுவதில் தப்பே இல்லை. மாதாமாதம் அதையே போடுவதுதான் வேண்டாம்.

எவ்வளவு நல்ல பாலிஷ் வாங்கினாலும் டயரைத் தேய்க்காமல் மேலே தடவினால் காசு வீண். பழைய பாலிஷும் அந்தப் பழுப்பும் டயரில் இருக்கும்வரை புதியது பிடிக்காது, பிசுபிசுத்துத் திட்டுத்திட்டாக நிற்கும். நிழலில் வண்டியை நிறுத்தி, டயர் சூடு ஆறியதும் நனைத்து, கார் ஷாம்புவோ ஆல் பர்ப்பஸ் கிளீனரோ போட்டு, கெட்டியான நார் கொண்ட பிரஷால் தேயுங்கள். முதல் தடவை வருகிற நுரை டீ டிக்காஷன் நிறத்தில் இருக்கும். கழுவிவிட்டு மறுபடி தேய்த்தால் கொஞ்சம் வெளுக்கும். நுரை வெள்ளையாக வரும்வரை தேய்ப்பதுதான் கணக்கு. புது டயர் மாட்டியிருந்தாலும் தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து (மோல்ட்) டயரைக் கழற்றுவதற்குப் பூசிய வழுக்குப் பூச்சு மேலே இருக்கும் என்பதால், அதையும் முதலில் கழுவிவிடுங்கள். பிறகு முழுதாகக் காயவிட வேண்டும், எழுத்துகளின் இடுக்கில் நிற்கிற தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள்.

பாலிஷை நேராக டயரில் அடிக்காமல் ஸ்பான்ஜில் ஊற்றித் தடவுங்கள். பிரேக் டிஸ்க்கில் ஒரு துளிகூடப் படக் கூடாது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு டயருக்குப் போதுமானது, குறைந்தால் சேர்த்துக்கொள்ளலாம். கால் மணி நேரம் காயவிட்டு, மிச்சம் நிற்பதை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் சக்கரம் சுற்றும்போது பாலிஷ் தெறித்து மட்கார்டிலும் கதவிலும் கறுப்புப் புள்ளி புள்ளியாக உட்கார்ந்துவிடும். அந்த வாரம் வண்டியை டின்கரிங், பெயின்டிங்குக்கு விடப்போகிறீர்கள் என்றால் பாலிஷே போடாதீர்கள், சிலிகான் பட்ட இடத்தில் புது பெயின்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகும்.

தரையைத் தொடும் பட்டன் பகுதியில் எந்தப் பாலிஷும் வேண்டவே வேண்டாம், பிரேக் பிடிக்கும்போது வழுக்கும். பைக், ஸ்கூட்டர் டயருக்கு எந்தப் பக்கமும் வேண்டாம். வளைவில் சாயும்போது இரு சக்கர வண்டியின் டயர் ஓரம்தான் ரோட்டில் நிற்கிறது, அங்கே சிலிகான் இருந்தால் ஆள் கீழே. வாட்டர் வாஷுக்கு பைக்கை விட்டாலும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள், கேட்காமலே போட்டுவிடுகிற கடைகள் இருக்கின்றன.

டயரில் வெடிப்பு இருந்தால் பாலிஷ் அதை மறைக்குமே தவிர சரிசெய்யாது. பழைய கார் வாங்கப் போகும்போது டயர் மட்டும் புத்தம் புதிதாக மின்னினால், ஒரு ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு எழுத்துகளைச் சுற்றி மெல்லிய கீறல்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் "டாட்" (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். ஒரு பக்கத்தில் அந்த இலக்கம் இல்லையென்றால் உள்பக்கம் குனிந்து பாருங்கள், அங்கே இருக்கும். செய்து 5 ஆண்டு தாண்டிய டயரை, பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும், வருடத்துக்கு ஒருமுறை டயர் கடையில் கழற்றிக் காட்டிவிடுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து.