சிறப்புக் குழந்தையின் குறைபாட்டைப் படை ஆவணத்தில் பதிவு செய்வது எப்படி?

என் கணவர் இந்தியத் தரைப்படையில் ஹவில்தார். எங்கள் மகனுக்கு நான்கு வயதில் ஆட்டிசம் இருப்பது உறுதியானது. அதன்பிறகு பள்ளிச் சேர்க்கை, பணியிட மாற்றம், கல்விப்படி என்று எதற்காகப் போனாலும் எங்களிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "பார்ட் டூ ஆர்டர் ஆகிவிட்டதா?" படைவீரரின் குடும்ப விவரங்களைப் படை ஆவணத்தில் ஏற்ற யூனிட் வெளியிடும் ஆணைதான் அது. எங்களுக்கு அது ஆகி முடியப் பதினான்கு மாதங்கள் பிடித்தன. மற்றவர்களுக்கு அத்தனை காலம் வீணாகக் கூடாது என்பதற்காகவே நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: சதவீதம் குறிப்பிட்ட சான்றிதழ்

இராணுவ மருத்துவமனை தந்த நோயறிக் கடிதமே போதும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அதில் நோயின் பெயர் இருந்தது, சதவீதம் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது என்றாலும், பெரும்பாலான உதவிகளுக்குக் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தாக வேண்டும். எனவே 'சுவாவ்லம்பன்' என்ற அரசு இணையதளத்தில் யுடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுவிடம் குழந்தையை நேரில் காட்டுங்கள். அட்டையில் மஞ்சள் பட்டை இருந்தால் 40 முதல் 80 சதவீதத்துக்குள், நீலப் பட்டை இருந்தால் 80-உம் அதற்கு மேலும் என்று பொருள். சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழே கிடைக்கும். அதன் முடிவுத் தேதியை வீட்டு நாட்காட்டியில் அன்றே குறித்து வையுங்கள்.

இரண்டாம் படி: பெயர்

நாங்கள் சறுக்கிய இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தமிழர்களாகிய நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான் உண்டு. படை ஆவணங்களுக்கோ அந்த வழக்கம் பழக்கமில்லை. மகன் பிறந்தபோது யூனிட்டில் பதிவானது அவன் பெயரும் அதன்பின் அவன் தந்தையின் முழுப்பெயரும். ஆதாரில் 'எம்' என்ற தலைப்பெழுத்து முன்னால் இருந்தது. மருத்துவச் சான்றிதழில் தலைப்பெழுத்தே விடுபட்டிருந்தது. நமக்கு மூன்றும் ஒரே பிள்ளை. சரிபார்க்கும் எழுத்தருக்கு மூன்று பிள்ளைகள். ஏழு மாதம் காத்திருந்த பிறகு விண்ணப்பம் திரும்பி வந்தது. ஆதார் நகலில் அந்த 'எம்' மட்டும் சிவப்புப் பென்சிலால் வட்டமிடப்பட்டிருந்தது. வேறு ஒரு குறிப்பும் இல்லை. யூனிட்டில் இருந்த தமிழ் சுபேதார்தான் விளக்கினார்: "தங்கச்சி, ரெக்கார்டுல இருக்கற பையனும் இந்தப் பையனும் ஒண்ணுதானான்னு கேட்டா நான் எதைக் காட்டுறது?"

எனவே எதற்கும் விண்ணப்பிக்கும் முன்பு, குழந்தையின் பெயரும் பிறந்த தேதியும் படை ஆவணத்தில் எப்படி இருக்கின்றன என்பதை உங்கள் கணவர் மூலம் யூனிட் அலுவலகத்தில் கேட்டு, எழுத்துக்கு எழுத்து அப்படியே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அதையே அடிப்படையாகக் கொண்டு முதலில் ஆதாரையும் பிறகு யுடிஐடியையும் திருத்துங்கள். படை ஆவணத்தை மாற்றி ஆதாருக்குப் பொருத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது இன்னும் நீண்ட வழி.

மூன்றாம் படி: ஆணை வெளியாவது

கணவர் தம் கட்டளை அதிகாரிக்கு எழுதும் விண்ணப்பத்துடன் குறைபாட்டுச் சான்றிதழ், யுடிஐடி அட்டை, ஆதார், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். யூனிட் வெளியிடும் பார்ட் டூ ஆணை, படைவீரர்களின் ஆவணங்களைப் பேணும் ரெக்கார்டு ஆபீசுக்குப் போய்ப் பதிவாகும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. ஆணை எண்ணையும் தேதியையும் கட்டாயம் வாங்கி வையுங்கள். கணவர் எல்லைப் பகுதிக்குப் போவதாக இருந்தால், புறப்படும் முன்பே கையெழுத்துகளை முடித்துவிடுவது நல்லது. வீட்டிலிருந்து அனுப்பும் தாள்களுக்கு நான் ஸ்பீடு போஸ்டைத் தவிர வேறு எதையும் பயன்படுத்துவதில்லை; ஒப்புகை ரசீதை நகலுடன் சேர்த்துத் தைத்து வைக்கிறேன். கைபேசியில் எடுத்த நிழற்படங்களை நம்பி மூலத்தாள்களைக் கைவிட வேண்டாம்.

நான்காம் படி: கேட்க வேண்டியவை

இராணுவக் குடும்பங்களின் நலச் சங்கமான ஆவா பல இராணுவ நிலையங்களில் சிறப்புக் குழந்தைகளுக்கான ஆஷா பள்ளிகளை நடத்துகிறது. பெங்களூரு, செகந்திராபாத், டெல்லி கன்டோன்மென்ட் ஆகிய இடங்களில் அவை உள்ளன. கடற்படைக் குடும்பங்களுக்குக் கொச்சி, விசாகப்பட்டினம் போன்ற இடங்களில் சங்கல்ப் பள்ளிகள், விமானப்படைக் குடும்பங்களுக்கு உமீத் பள்ளிகள். பணியிட மாற்றம் கேட்கும்போது, "குழந்தைக்கு வசதியுள்ள ஊர்" என்று பொதுவாக எழுதாமல், இன்ன நிலையத்தில் இன்ன பள்ளி, குழந்தைக்கு வாரத்துக்கு இத்தனை நாள் பேச்சுப் பயிற்சி தேவை என்று மருத்துவரின் கடிதத்தோடு எழுதுங்கள். எங்கள் முதல் விண்ணப்பம் பொதுவாக இருந்தது, அது பயன்படவில்லை. குழந்தைகள் கல்விப்படி மாற்றுத்திறன் குழந்தைக்கு இரட்டிப்பாகக் கிடைக்கும், அதுவும் 22 வயது வரை. ஓய்வுக்குப் பிறகு, முன்னாள் படைவீரர்களுக்கான ஈசிஎச்எஸ் மருத்துவத் திட்டத்தில் மற்ற மகன்களுக்கு 25 வயதோடு தகுதி முடிந்துவிடும்; 40 சதவீதமோ அதற்கு மேலோ நிரந்தரக் குறைபாடு உள்ள, பெற்றோரைச் சார்ந்து வாழும் பிள்ளைக்கு அந்த வயது வரம்பு கிடையாது.

பின்சேர்க்கை: ஓய்வு பெற்றவர்களுக்கு

கணவர் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன, மகளின் பெயர் ஓய்வூதிய ஆணையில் இல்லை, இனி வழியுண்டா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். வழி உண்டு. ஓய்வூதியர் உயிரோடு இருக்கும்போதே ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதி மகளின் பெயரைச் சேர்த்துவிட வேண்டும். பிறகு படை ஓய்வூதியங்களுக்கான 'ஸ்பர்ஷ்' இணையதளத்திலும் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பம் எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உதவும். சொந்தமாகப் பிழைக்க முடியாத பிள்ளைக்கு, தாய்க்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் வாழ்நாள் முழுவதும் தொடரும். 2021-இல் வந்த மாற்றத்தின்படி, பிள்ளையின் பிற வருமானம் அவருக்குரிய சாதாரண விகிதக் குடும்ப ஓய்வூதியத்தையும் அகவிலை நிவாரணத்தையும் விடக் குறைவாக இருக்க வேண்டும். முன்பிருந்த வரம்பு இதைவிடக் குறுகியது.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் சட்டத்தின் கண்ணில் பெற்றோர் தாமாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கும் பயிற்சிகளுக்கும் பெறலாம். அது மார்ச் மாதத்தோடு முடிவதால், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.