ஹீலிக்ஸ் வேற, ஸ்பைரல் வேற: ஒரு ஏ4 பேப்பர்ல புரிய வைக்கலாம்

தமிழ்ல ரெண்டையும் சுருள்னே சொல்லிப் பழகிட்டோம், வம்பே அங்கதான். கொசுவத்தியும் சுருள், பேனா ஸ்பிரிங்கும் சுருள். இங்க சிங்கப்பூர்ல அக்கா மக செக் ஃபோர், அதாவது உயர்நிலை நாலாம் வகுப்பு, பயாலஜி புக்குல டிஎன்ஏ பாடத்தை விரிச்சு வச்சுக்கிட்டு "சித்தி, டபுள் ஹீலிக்ஸ்னா ரெண்டு ஸ்பைரலா"ன்னு கேட்டா, நானும் ஆமான்னு தலையாட்டிட்டேன். தப்பு.

உங்க வீட்லயும் கேட்டா இப்படிப் பண்ணுங்க. ஒரு ஏ4 பேப்பர், தடிமனான மார்க்கர். இடதுபக்கக் கீழ் மூலையிலேர்ந்து வலதுபக்க மேல் மூலை வரைக்கும் சாய்வா ஒரு நேர்கோடு போடுங்க, அப்புறம் கோடு வெளிய தெரியுற மாதிரி பேப்பரைக் குழாயா சுருட்டி ரெண்டு ஓரத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம சேர்த்து டேப் ஒட்டுங்க. நேரா இருந்த கோடு இப்ப குழாயைச் சுத்திக்கிட்டே மேல ஏறும் பாருங்க, அதான் ஹீலிக்ஸ். நடுவுலேர்ந்து எப்பவும் ஒரே தூரம், ஆனா ஏறிக்கிட்டே போகும். ஸ்பைரல் அப்படியில்ல, கைமுறுக்கு மாதிரி தட்டுல படுத்துக்கிட்டு நடுவைவிட்டு விலகி விலகிப் போகும். பூகிஸ் பக்கம் கடைவீடுங்களுக்குப் பின்னால சந்துல இருக்கிற இரும்புப் படிய ஊரே ஸ்பைரல்னுதான் சொல்லுது, கணக்குப்படி அது ஹீலிக்ஸ்!

வார்த்தை கிரேக்கம். 'ஹெலிக்ஸ்'னா சுத்தி வளைஞ்சது, முறுக்கிக்கிட்டது. கொடி பந்தலைப் பிடிச்சுச் சுருட்டிக்கிற மெல்லிசு நுனி இருக்குல்ல, அதுக்கும் அவங்க இதே பேரைத்தான் சொன்னாங்க. ஐவி கொடியோட அறிவியல் பேர் ஹெடெரா ஹெலிக்ஸ், ஒரு நத்தை இனத்துக்கும் ஹெலிக்ஸ்னுதான் பேர், காது மடலோட வெளி விளிம்புக்கும் அதேதான், தொட்டுப் பாருங்க. ஹெலிகாப்டரை நாம ஹெலி, காப்டர்னு பிரிக்கிறோம், அது ஹெலிகோ, ப்டெரான், அதாவது சுழல் இறக்கை. 1861ல ஒரு பிரெஞ்சுக்காரர் உண்டாக்கின சொல். ஹீலியத்தை மட்டும் இந்தக் கூட்டத்துல சேர்த்துடாதீங்க, அது ஹீலியோஸ், சூரியன்.

உயிரணுக்குள்ள மரபுத் தகவலைச் சுமக்கிற டிஎன்ஏ மூலக்கூறு ரெண்டு இழை சேர்ந்த டபுள் ஹீலிக்ஸ்னு வாட்சன், கிரிக்ங்கிற விஞ்ஞானிங்க எழுதினது 1953ல, ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஆய்வகத்துல எடுத்த எக்ஸ்ரே படம் அதுக்குப் பெரிய ஆதாரம். ரெண்டு இழையும் ஒரே திசையில முறுக்கியிருக்கும், சாதாரணமா வலதுகை முறுக்கு. நீங்க ஒட்டின குழாயும் வலதுகைதான், முன்பக்கம் கோடு இடது கீழேர்ந்து வலது மேல ஏறுதுல்ல? குழாயைத் தலைகீழாக் கவுத்துப் பாருங்க, அப்பவும் அப்படியேதான் ஏறும், அக்கா மக நம்பாம நாலு தடவை கவுத்துப் பார்த்தா.

இதுக்கப்புறம் குழாயோட மரினா பே ஹீலிக்ஸ் பாலத்துக்குப் போங்க, பேஃப்ரன்ட் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்லேர்ந்து நடக்குற தூரம்தான். 2010ல திறந்தது, 280 மீட்டர் நீளம், டிஎன்ஏவை மனசுல வச்சுக் கட்டினது. ராத்திரியானா சி, ஜி, ஏ, டி எழுத்துங்க சிவப்புலயும் பச்சையிலயும் ஜோடி ஜோடியா எரியும், டிஎன்ஏவுல ஜோடி சேர்ற நாலு வேதிப்பொருளோட முதலெழுத்து அது: சைட்டோசின் குவானின் அடினின் தைமின். ஆனா வெளிச்சுருள் ஒரு திசை, உள்சுருள் எதிர்த்திசை. நிஜ டிஎன்ஏ அப்படி இல்லையே, எது வலதுகை எது இடதுகைன்னு குழாயை வச்சுப் பிள்ளைங்களையே கண்டுபிடிக்க விடுங்க.