ஒரே பலகையில் நூலும் குறிப்பும்: மின்மைத் திரையில் படித்து எழுதும் முறை

பழைய பதிப்பு ஒன்றைக் கையில் எடுத்தால் பென்சிலும் கூடவே வேண்டும் என்பது என் நெடுநாள் வழக்கம். பொருள் தெரியாத சொல்லின் கீழ் ஒரு கோடும், உரையாசிரியரோடு உடன்பட முடியாத இடத்தில் ஒரு கேள்விக்குறியும், அதே சொல் வந்த வேறொரு பாட்டின் எண்ணும் ஓரத்தில் சேர்ந்துகொண்டே போனால்தான் படித்ததாக எனக்குத் தோன்றும். அதனால்தான் பேனாவால் எழுதத்தக்க மின்மைத் (இ-இங்க்) திரைக் கருவி ஒன்றை வாங்கினேன். முதல் மாதத்தில், இ-பப் வடிவில் இருந்த ஒரு நூலின் மேல் ஏறத்தாழ நாற்பது இடங்களில் எழுதினேன். ஓர் இரவு கண் சோர்ந்துபோய் எழுத்தின் அளவை இரண்டு படி கூட்டியபோது வரிகள் எல்லாம் கலைந்து அடுத்தடுத்த பக்கங்களுக்குப் போய்விட்டன. நான் இட்ட கோடுகளும் குறிகளும் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றன. கையெழுத்து இருந்தது, அது எந்தச் சொல்லுக்கு உரியது என்பது போய்விட்டது.

இந்தக் கருவியைப் படிக்கவும் எழுதவும் சேர்த்துப் பயன்படுத்த விரும்புகிறவர் முதலில் அறிய வேண்டியது இதைத்தான். மின்னூல்களில் இரண்டு இனம் உண்டு. ஒன்று, பிடிஎஃப் போலப் பக்கம் நிலையாக நிற்பது. மற்றொன்று, இ-பப் போலத் திரைக்கும் எழுத்தளவுக்கும் ஏற்ப வரிகள் ஓடி அமைவது. நிலைத்த பக்கத்தின் மேல் எழுதியது அச்சுநூலின் ஓரத்தில் எழுதியதைப் போலவே அங்கேயே இருக்கும். ஓடும் எழுத்தின் மேல் எழுதுவதை ஒவ்வொரு கருவியும் தன் போக்கில் கையாள்கிறது. 2022இல் வந்த, அமேசானின் கிண்டில் ஸ்க்ரைப் என்னும் கருவி தொடக்கத்தில் அத்தகைய நூல்களின் மேல் நேரடியாக எழுதவே விடாமல், சிறு குறிப்புத் தாளை ஒட்டுவதற்கு மட்டும் இடம் கொடுத்தது. எழுதிய பகுதியைச் சுற்றி வரிகள் விலகி ஓடும் வசதி பின்னர்தான் சேர்ந்தது. எனவே நான் இன்று கடைப்பிடிக்கும் விதி எளியது: கையால் குறித்துப் படிக்க வேண்டிய நூலைப் பிடிஎஃப் ஆக்கிக்கொள்கிறேன், சும்மா படிக்கும் நூலை இ-பப் வடிவிலேயே விட்டு, குறிப்பு தேவைப்பட்டால் தனி நோட்டில் எழுதுகிறேன்.

அடுத்தது திரையின் அளவு. பலர் இதைக் கடைசியில் எண்ணிப் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் வாங்குவதற்கு முன்பே அளவுகோலை எடுத்து அளந்துவிட வேண்டும். 10.3 அங்குலத் திரை என்பது ஏறத்தாழ 15.7 செ.மீ. அகலமும் 21 செ.மீ. உயரமும் கொண்டது. தமிழில் மிகுதியாக அச்சாகும் டெமி அளவு நூலின் பக்கம் ஏறத்தாழ 14 செ.மீ. அகலமும் 21.5 செ.மீ. உயரமும் இருக்கும். ஆக, டெமி நூலை ஸ்கேன் செய்த பிடிஎஃப் இத்திரையில் கிட்டத்தட்ட அச்சில் இருந்த அதே அளவில் தெரியும். அதைவிடச் சிறிய கிரவுன் அளவு நூல் இன்னும் பெரிதாகவே தெரியும். ஏ4 தாளின் கதை வேறு. முழுத் தாளையும் காட்டினால் அது மூலத்தில் 70 விழுக்காடாகச் சுருங்கி, 12 பாயின்ட் அளவு எழுத்து எட்டரைப் பாயின்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். நான்கு பக்கமும் 2 செ.மீ. வெற்றிடத்தை வெட்டிவிட்டால் 81 விழுக்காட்டுக்கு ஏறும். அந்த வேறுபாடு இளையோருக்குப் பெரிதாகத் தெரியாமல் போகலாம். நாற்பதைக் கடந்தவர்களுக்கு அதுதான் படிக்க முடிவதற்கும் முடியாததற்கும் இடையிலுள்ள எல்லை. 6 அங்குலக் கருவியில் ஸ்கேன் நூல்களைக் குறிப்பெழுதிப் படிக்க முயல வேண்டாம் என்றே சொல்வேன்.

தமிழில் பழைய நூல்களைத் தேடுவோருக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளமும், இன்டர்நெட் ஆர்க்கைவும் பெரிய கொடைகள். ஆனால் அங்கிருந்து இறக்கிய கோப்பை அப்படியே கருவியில் ஏற்றினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். பழுத்த தாளின் மஞ்சள் நிறம் கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் பூசியதைப் போலத் தெரியும்; அந்தச் சாம்பலின் மேல் நீங்கள் எழுதும் கோடும் எடுப்பாக இராது. மேலும் நூறு எம்பியைத் தாண்டும் கோப்புகளில் பக்கம் திரும்புவதற்கே காத்திருக்க வேண்டிவரும். எனவே கணினியில் அரை மணி நேரம் செலவிட்டுக் கோப்பைச் செப்பம் செய்துகொள்வது நல்லது. ஸ்கேன் டெய்லர் என்னும் இலவச மென்பொருள் கோணலான பக்கத்தை நேராக்கி, இரு பக்கங்கள் சேர்ந்த படத்தைப் பிரித்து, பின்னணியை வெளுத்து, எழுத்தைத் தூய கறுப்பாக்கித் தருகிறது. ஓரங்களை வெட்டுவது மட்டும் போதுமானால் பிரிஸ் என்னும் சிறு மென்பொருளே போதும். எல்லா ஓரத்தையும் வெட்டிவிடாமல், வலக்கையால் எழுதுபவர் வலப்புறத்திலும் இடக்கையால் எழுதுபவர் இடப்புறத்திலும் இரண்டு விரல் அகலம் விட்டுவைக்க வேண்டும். படிப்பதற்கு மட்டும் என்றால் அந்த ஓரம் வீண். எழுதுகிறவருக்கு அதுதான் நிலம். மிகப் பெரிய நூலை அதிகாரவாரியாகவோ நூறு பக்கத் தொகுதிகளாகவோ பிரித்துக்கொண்டால் கருவி திணறாது. செப்பம் செய்யாத மூலக் கோப்பைக் கணினியில் தனியே வைத்திருக்க மறக்கக் கூடாது.

ஸ்கேன் நூல்களில் சொல்தேடலை நம்பியிருப்பதும் சரியாக வராது. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, றா, னா போன்றவை பழைய வடிவில் இருப்பதால் படத்திலுள்ள எழுத்தைப் படித்தறியும் எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருள் அவற்றைத் தவறாகப் படிப்பது உண்டு. தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தை நீங்களே குறித்துவைப்பதுதான் உறுதியான வழி.

ஓடும் எழுத்தில் உள்ள தமிழ் நூல்களுக்கு வேறு ஒரு சோதனை தேவைப்படுகிறது. கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ ஆகிய எழுத்துகள் வரும் ஒரு சிறு இ-பப் கோப்பைத் தயாரித்துக் கருவியில் திறந்து பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றாலோ, எழுத்துக்குப் பதில் கட்டம் தெரிந்தாலோ, அந்தக் கருவிக்குத் தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியவில்லை என்று பொருள். கட்டம் மட்டுமே குறை என்றால், கேலிபர் மென்பொருளில் கோப்பை மாற்றும்போது நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருவை உள்ளே பதித்துவிட்டால் பல நேரங்களில் சரியாகிவிடும். கொம்பே இடம் மாறினால் எழுத்துருவால் பயனில்லை. அந்நூலைக் கணினியில் உங்கள் திரையின் அளவுக்கே பிடிஎஃப் ஆக்கி ஏற்ற வேண்டும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் இ-பப் கோப்போடு ஏ4, 6 அங்குலம் ஆகிய அளவுகளில் பிடிஎஃப் கோப்புகளும் தருவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய கோப்புகள் பல, ஒருங்குறிக்கு முன் வழங்கிய திஸ்கி குறியேற்றத்தில் அமைந்தவை. அவற்றில் இருந்து வரியை எடுத்து ஒட்டினால் வேற்று எழுத்துகளே வரும் என்பதால், ஒருங்குறி வடிவம் இருக்கும்போது அதையே இறக்கிக்கொள்வது நல்லது.

இனி எழுதுவதைப் பற்றி. தமிழில் எழுதுபவருக்கு நேரும் ஒரு இடர்ப்பாடு புள்ளியில் இருக்கிறது. பேனா முனை திரையை மிக மெல்லத் தொட்டு எடுத்தால் சில கருவிகள் அதை எழுத்தாகக் கொள்வதில்லை. அப்போது மெய்யெழுத்துகள் எல்லாம் உயிர்மெய்யாகிவிடுகின்றன. ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று அதை விட்டுவிட்டதால், சுவடிகளைப் படித்து அச்சிட்ட பதிப்பாசிரியர்கள் எவ்வளவு இடர்ப்பட்டார்கள் என்பதை நாம் அறிவோம். நம் குறிப்பை நாமே சில ஆண்டுகள் கழித்து அவ்வாறு படிக்க நேரக் கூடாது. புள்ளியைக் குத்தாமல் அரை மி.மீ. நீளத்துக்குச் சிறு கோடாக இழுக்கப் பழகினால் ஒன்றுகூடத் தவறாது. கோட்டின் பருமனை மெல்லியதாக வைத்துக்கொள்ள வேண்டும். பருத்த கோட்டில் ண, ன, ஞ ஆகியவற்றின் சுழிகள் அடைந்துபோகும். நோட்டுக்கு வரியிட்ட தாளைத் தேர்ந்தெடுக்கும்போதும் கருவியில் உள்ள நெருக்கமான வரிகள் நமக்கு ஒவ்வாதவை. மேலே புள்ளியும் கி, கீ போன்றவற்றின் வளைவும், கீழே ணூ, ஞூ போன்றவற்றின் வால்களும் இருப்பதால் வரிக்கு வரி 9 மி.மீ. இடைவெளி இருந்தால் கை தாராளமாக ஓடும்.

கிண்டில் ஸ்க்ரைப், ரிமார்க்கபிள் 2, சூப்பர்நோட் ஆகிய கருவிகளின் பேனாக்களில் மின்கலம் இல்லை. திரைக்கு அடியில் இருக்கும் தகடு உண்டாக்கும் மின்காந்தப் புலத்திலிருந்து பேனாவுக்குள் உள்ள சுருள் ஆற்றலைப் பெறுகிறது. கோபோ எலிப்சா 2ஈ கருவியின் பேனாவுக்கும் ரிமார்க்கபிள் பேப்பர் புரோவின் பேனாவுக்கும் மின்னூட்டம் வேண்டும். சொரசொரப்பான திரையில் பிளாஸ்டிக் முனை தேய்வது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் சப்பையாகி விளிம்பு கூர்மை அடைந்ததும், செலவு பாராமல் முனையை மாற்றிவிட வேண்டும்; அந்த விளிம்புதான் திரையைக் கீறும். சூப்பர்நோட்டின் பீங்கான் முனை தேய்வதில்லை, ஆனால் அது அதற்கென அமைந்த மென்படலத் திரைக்கு உரியது. பிற கருவிகளில் அதைப் பயன்படுத்தக் கூடாது.

குறிக்கும் முறையை நூலைத் தொடங்குமுன் முடிவுசெய்துகொண்டால் பிறகு குழப்பம் வராது. நான் மூன்றே குறிகள் வைத்திருக்கிறேன்: அகராதி பார்க்க வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடு, திரும்பப் படிக்க வேண்டிய பகுதிக்கு ஓரத்தில் நெடுங்கோடு, மூலபாடத்திலோ உரையிலோ ஐயம் எழுந்தால் கேள்விக்குறி. முதல் வாசிப்பில் இவற்றை மட்டுமே இடுகிறேன். சொற்களாக எழுதுவது இரண்டாம் வாசிப்பில்தான். ஐந்தாறு சொற்களுக்கு மேல் நீளும் எதையும் ஓரத்தில் திணிக்காமல் தனி நோட்டுக்குக் கொண்டுபோய், இரண்டு இடத்திலும் ஒரே எண்ணை இடுகிறேன். திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் நூலும் மறு பாதியில் நோட்டும் வைக்கும் வசதி பூக்ஸ் கருவிகளில் உண்டு. கேட்க நன்றாக இருந்தாலும், ஒவ்வொரு பாதியும் பத்தரை செ.மீ. அகலமே இருப்பதால் ஸ்கேன் நூலுக்கு அது உதவவில்லை. இரண்டுக்கும் இடையே மாறி மாறிப் போவதே எனக்கு விரைவாக இருக்கிறது.

நோட்டில் இடத்தைக் குறிக்கும்போது பக்க எண்ணை மட்டும் எழுதக் கூடாது. பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஓடும் எழுத்தில் எழுத்தளவு மாறினாலே மாறிவிடும். புறநானூற்றைப் படிக்கிறீர்கள் என்றால் பாட்டெண்ணும் அடியெண்ணும் எழுதுங்கள். உ.வே.சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட பதிப்பானாலும் சென்ற ஆண்டு வந்த மலிவுப் பதிப்பானாலும் அதே எண்ணில் அதே பாட்டு இருக்கும். 400 பாட்டுக்கும் ஒவ்வொரு நோட்டுப் பக்கம் என ஒதுக்கிவிட்டால், நோட்டின் பக்க எண்ணே பாட்டெண்ணாகிவிடுகிறது. கிடைக்காமல் போன 267, 268ஆம் பாட்டுகளுக்குரிய பக்கங்களையும் வெறுமையாக விட்டுவைத்தால்தான் எண்ணிக்கை பிசகாது. உரைநடை நூலுக்கு அதிகாரத் தலைப்பும் பத்தி எண்ணும் போதும்.

கையெழுத்தைத் தட்டச்செழுத்தாக மாற்றும் வசதியைப் பல கருவிகள் விளம்பரப்படுத்துகின்றன. அது உங்கள் தமிழ்க் கையெழுத்தை எவ்வளவு சரியாகப் படிக்கிறது என்பதை வாங்குமுன் ஒரு பத்தி எழுதிப் பார்த்தே முடிவுசெய்யுங்கள். நான் அதைச் சார்ந்திராமல், ஒவ்வொரு நோட்டுக்கும் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு, பாட்டெண்படி ஒதுக்கிய நோட்டு நீங்கலாக மற்றவற்றில் முதல் இரண்டு பக்கங்களைப் பொருளடக்கத்துக்கென விட்டுவிடுகிறேன்.

ரிமார்க்கபிள் 2, சூப்பர்நோட் ஆகியவற்றில் திரை விளக்கு கிடையாது. இரவில் படிப்பவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். முந்தைய பக்கத்தின் நிழல் திரையில் தங்கினால், சில பக்கங்களுக்கு ஒருமுறை திரையை முழுதாகப் புதுப்பிக்கும்படி அமைப்பில் சொல்லிவிடலாம். படம் மாறும்போது மட்டுமே மின்மைத் திரை மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. எழுதும்போது அது ஓயாமல் மாறுகிறது. ஆகவே எழுதுகிற நாட்களில் மின்கலம் விரைவில் இறங்குவதைக் கண்டு கருவி பழுதாகிவிட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

கடைசியாக, எழுதியதைக் காப்பது. கிண்டில் கருவியில் யூஎஸ்பி வழியாக ஏற்றிய பிடிஎஃப் மேல் எழுத முடியாமல் போகலாம் என்பதால், 200 எம்பிக்கு உட்பட்ட கோப்பை அமேசானின் சென்ட் டு கிண்டில் என்னும் இணையச் சேவை வழியாக அனுப்புவது நல்லது. எந்தக் கருவியானாலும் அதன் சொந்த வடிவத்தில் இருக்கும் நோட்டை வேறிடத்தில் திறக்க இயலாமல் போகக்கூடும். எனவே பிடிஎஃப் ஆக வெளியேற்றிக் கணினியிலும் ஒரு வன்தட்டிலும் வைத்துக்கொள்ள வேண்டும். நகலெடுக்க முடியாதபடி பூட்டிட்ட விலைநூல்களின் மேல் எழுதியதை நூற்பக்கத்தோடு சேர்த்து வெளியே எடுக்கப் பெரும்பாலும் வழி இருக்காது. அத்தகைய நூலுக்கு முதலிலிருந்தே தனி நோட்டுதான். நான் ஞாயிறுதோறும் அந்த வாரக் குறிப்புகளை வெளியேற்றி, நூற்பெயர், பதிப்பாண்டு, வெளியேற்றிய நாள் என்னும் ஒழுங்கில் கோப்புக்குப் பெயரிடுகிறேன். பழைய கோப்பை அழிக்காமல் அதன் அருகிலேயே புதியதை வைக்கிறேன்.